எதிர்பார்க்கும் சம்பளம்

சிங்கப்பூர் வேலைக்கான விண்ணப்பப் பாரத்தில் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற கட்டங்களையெல்லாம் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். இதில் மட்டும் பேனா நின்றுவிட்டது. கூட்டி எழுதினால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். குறைத்து எழுதினால் பிறகு மாதாமாதம் நொந்துகொள்ள வேண்டும். கடைசியில் 3,000 என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜொகூர் பாருவிலிருந்த அந்த முகவர் அலுவலகத்து அக்கா பாரத்தைப் பார்த்தார். என் ஐசியில் பிறந்த ஆண்டைப் பார்த்தார். 3,000த்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

“தம்பி, இது உங்க நம்பர் இல்ல, பாஸோட நம்பர். இதுக்குக் கீழ போட்டா எஸ் பாஸ் வராது. வொர்க் பெர்மிட்தான்.”

சொல்லிவிட்டு அவரே வேறோர் எண்ணை எழுதினார். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தது 3,300 வெள்ளிச் சம்பளம் வேண்டும். அதுவும் இருபத்து மூன்று வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற எண்ணும் ஏறும். அதற்கு மேல்படியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு அதே ஆண்டு ஜனவரியிலிருந்து 5,600. ஆக, நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை என் பிறந்த ஆண்டும் சிங்கப்பூரின் மனிதவள அமைச்சும் சேர்ந்து ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தன.

அன்று இரவு வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

“ஒங்களயாச்சும் ஒரு கட்டம் போட்டுக் கேக்குறானுங்களே” என்றார்.

எண்பது வயதைத் தாண்டிய பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டமான பிறகு வெளியேறியவர். அவரிடம் யாரும் எந்தக் கட்டத்தையும் நீட்டியதில்லை. அப்படியென்றால் அவருடைய கூலியை யார் எழுதினார்கள்? அவருடைய அப்பாவின் கூலியை? இந்தக் கேள்வியோடுதான் சில மாதங்கள் பழைய தொழிலாளர் வரலாற்று நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

*

மலாயாவுக்குத் தமிழர் வந்த கதையைக் கப்பல், காடு, கொசு, கள்ளு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு ஒரு காகித வரலாறும் உண்டு. அது சுவாரசியமில்லாதது போலத் தோன்றுவதால் நாம் அதிகம் தொடுவதில்லை.

ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் நின்றது. அதன் பிறகு பெரும்பாலும் கங்காணி முறைதான். கங்காணி என்றால் மீசையும் பிரம்புமாக ஊருக்குள் வந்து ஆசை காட்டி அழைத்துப் போனவர் என்ற சித்திரம் நம் மனதில் இருக்கிறது. அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் ஒரு லைசென்ஸும் இருந்தது. தோட்டத்துத் துரை கொடுத்து, மலாயா அரசின் அதிகாரி ஒப்புதல் தந்த லைசென்ஸ். ஆள் சேர்த்ததும் கிராம முன்சீப்பிடம் காட்ட வேண்டும். போகிறவர் சொந்த விருப்பத்தில்தான் போகிறார் என்று முன்சீப் உறுதி சொல்ல வேண்டும். பிறகு நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம், அங்கிருந்து கப்பல்.

கப்பல் கட்டணத்தை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். இந்தியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள் கணக்குப்படி இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் புதிய ஆட்களுக்குப் பயணச் செலவு. வந்திறங்குபவர் தலையில் கப்பல் கடன் இல்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் சட்டப்படி உரிமை இருந்தது. முந்தைய ஒப்பந்த முறையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் முதலாளிகள் சும்மா காசு கட்டவில்லை. ஆள் பற்றாக்குறை வந்தால் கூலி ஏறும். நிதி இருந்தால் ஆள் பற்றாக்குறையே வராது. குறைகிறபோது குழாயைத் திறந்துகொள்ளலாம். மலாயாவின் காலனியத் தொழிலாளர் கொள்கை பற்றி ஜே. நார்மன் பார்மர் 1960இல் எழுதிய நூலைப் படித்தபோது எனக்கு இதுதான் துலக்கமாயிற்று. இலவசப் பயணம் என்பது தொழிலாளிக்குக் கிடைத்த சலுகை மட்டுமல்ல, அவருடைய கூலியைக் கீழே பிடித்துவைத்த கயிறும்கூட. கங்காணிக்கும் இதில் பங்கு உண்டு. தன் ஆட்கள் ஒவ்வொருவரும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்கு 2 காசு. தலைக்காசு. ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணி ஏன் அப்படிக் கத்தினார் என்று இப்போது புரிகிறது.

*

1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. தொழிலாளர்களை வெளியே அனுப்ப வேண்டுமானால் அங்கே கிடைக்கும் கூலி என்ன என்று இந்திய அரசு கேட்கத் தொடங்கியது. அதன் விளைவாக மலாயாவில் ‘நிர்ணயக் கூலி’ என்ற ஒன்று உருவானது. 1920களின் பிற்பகுதியில் அது ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

இந்த 50 எப்படி வந்தது? ஒரு தொழிலாளி உயிர்வாழ என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். அரிசி, கறிச்சாமான், துணி, திருவிழாச் செலவு, கொஞ்சம் சேமிப்பு. கூட்டி வந்த தொகைதான் கூலி. அவர் ஒரு நாளில் எத்தனை மரம் சீவுகிறார், எவ்வளவு பால் எடுக்கிறார், அது லண்டன் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் பட்டியலில் இல்லை. பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெண்ணுக்குப் பசி குறைவு என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சந்தையை முழுக்க மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் சந்தை சட்டென்று ஞாபகம் வந்தது. கூலி 40, 32 ஆனது. அதற்கும் பிறகு ஆணுக்கே 30 காசுக்குக் கீழ் இறங்கியது. அரிசியும் கறிச்சாமானும் வைத்துப் போட்ட கணக்கு என்றால், ரப்பர் விலை இறங்கினால் வயிறு சுருங்கிவிடுமா என்ன? அந்த ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நிதி இருந்தது அல்லவா? குழாய் இரண்டு பக்கமும் திறக்கும்.

1936 கடைசியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து பார்த்தார். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை 50, 40ஐத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. ஆனால் ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கிருந்த இந்தியர் அமைப்புகளுக்கு அந்த அறிக்கை பிடிக்கவில்லை. எனக்கும் படிக்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பழைய எண்ணைத் திரும்ப வாங்குவதே பெரிய வெற்றி என்று நினைக்கிற அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது.

1938இல் ரப்பர் விலை மறுபடி இறங்க, கூலியை 45, 36 ஆக்கினார்கள். இந்த முறை இந்திய அரசு ஜூன் மாதத்தில், உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. குழாய் மூடியது. என் பாட்டியின் பெற்றோர் அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், ஆறு வயது மகனோடு வந்திறங்கியிருந்தார்கள்.

குழாய் மூடிய மூன்றாம் ஆண்டில் நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். போர்க்காலம் ரப்பருக்கு நல்ல விலை கொடுத்தது. புதிய ஆட்கள் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் முதன்முறையாக ஓர் எண்ணைத் தாங்களே சொன்னார்கள். அது வெறும் காசுக் கணக்காகக்கூட இல்லை. ‘சீனத் தொழிலாளிக்கு என்ன கூலியோ, அதே கூலி எங்களுக்கும்’ என்பதுதான் கோரிக்கை. சீனர்கள் அரசு நிதியில் வந்தவர்கள் அல்லர், குத்தகைக்காரர்கள் மூலம் பேரம் பேசி வேலை செய்தவர்கள். அதே மரத்தைச் சீவினாலும் அவர்களுக்குக் கூலி அதிகம். பட்டியல் போட்டு வயிற்றை அளந்து கொடுத்த கூலி வேண்டாம், வேலையை அளந்து கொடு என்று கேட்டார்கள். கூடவே, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் வம்பு செய்யாதே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வை என்றார்கள்.

கூலியும் சைக்கிளும் ஒரே பட்டியலில் இருந்ததைப் பார்த்துச் சில வரலாற்றாசிரியர்கள் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. தன் விலையைத் தானே சொல்கிறவன் சைக்கிளிலிருந்து ஏன் இறங்க வேண்டும்?

கிள்ளான் இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை, படை வரவழைப்பு, துப்பாக்கிச் சூடு. தொழிலாளர் ஐவர் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதியதற்குக் கிடைத்த பதில் அது. சிறையில் அடைப்பது வேறு, நாடு கடத்துவது வேறு. சம்பளம் பற்றிய விவாதத்தை ‘நீ இந்த ஊர்க்காரனா?’ என்ற விவாதமாக மாற்றிவிட்டால் முதல் விவாதத்துக்குப் பதிலே சொல்ல வேண்டியதில்லை. அப்போது கற்றுக்கொண்ட இந்த வித்தையை இந்த வட்டாரத்து அரசுகள் பிறகு மறக்கவே இல்லை.

*

பாட்டி பிறந்தது ஜப்பான் காலத்தில். பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. 1957இல் மெர்டேக்கா வந்தபோது குடியுரிமைக்கு மனுச் செய்யச் சொல்லித் தோட்டத்துக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்வும் தளர்த்தப்பட்டிருந்தது. தாத்தா அப்போது வேறு தோட்டத்தில் இளவட்டம். கூட்டாளிகளோடு போய் எழுதிக் கொடுத்துவிட்டார். நீல ஐசி கிடைத்தது. பாட்டியின் அப்பா எழுதவில்லை. “அடுத்த வருசம் ஊருக்குப் போறோம், இது எதுக்கு?” என்றாராம். அந்த அடுத்த வருடம் அவருக்கு வரவேயில்லை. தோட்டத்துச் சுடுகாட்டில்தான் இருக்கிறார்.

ஆக, பாட்டிக்கும் அவருடைய அண்ணனுக்கும் சிவப்பு ஐசி. நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. பத்து வருடம் அது ஒரு நிறம் மட்டும்தான். ரெண்டு நிறத்துக்காரர்களும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றார்கள், ஒரே கிராணி பேர் கூப்பிட்டார், ஒரே கூலி.

1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது இறுக்கமாக அமலுக்கு வந்தது. குடிமக்களுக்கே வேலையில்லை, அவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டாமா என்பது அரசின் வாதம். வாதமாகப் பார்த்தால் எந்த நாடும் சொல்லக்கூடியதுதான். ஆனால் இந்தப் ‘பிற நாட்டவர்’ என்போர் யார்? அரசின் சொந்த நிதியில் டிக்கெட் எடுத்துக் கூட்டி வரப்பட்டவர்கள். அல்லது அவர்கள் பெற்ற, வேறு எந்த நாட்டையும் பார்த்தறியாத பிள்ளைகள். பாட்டி இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்தியாவிலிருந்து வந்த வேலையாளாக அவர் பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது.

பாட்டியின் அண்ணனுக்கு முதல் பெர்மிட் கிடைத்தது. அடுத்த முறை கிடைக்கவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும், தோட்ட வாழ்க்கையில் இரண்டும் ஒன்றுதான். சேமநிதிப் பணத்தை எடுத்தார். மனைவியின் தோட்டைத் தவிர மற்ற நகையை விற்றார். மலேசியப் பிறப்புப் பத்திரம் வைத்திருந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் ஏறினார். ஆறு வயதில் விட்டுவந்த ஊருக்கு நாற்பது வயதில் போனார். அங்கே அந்தப் பிள்ளைகள்தான் இப்போது அந்நியர்கள். அப்படிப் போனவர்கள் பல்லாயிரம் பேர்.

அண்ணன் போனது பாட்டிக்குத் துக்கம். ஆனால் அவர் அடிக்கடி சொல்வது அந்தத் துக்கத்தை அல்ல, புல் வெட்டிய கதையை. தாத்தாவின் நீல ஐசியால் வீடு தப்பியது. பாட்டிக்குப் பெர்மிட் கிடைக்காததால் பால்மரம் சீவும் வேலை போயிற்று. செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டது. வீட்டில் நான்கு பிள்ளைகள். பிறகு ஒரு காண்ட்ராக்டர் வந்தார். அவர் ஐசியும் கேட்கவில்லை, பெர்மிட்டும் கேட்கவில்லை. அதே தோட்டம், அதே நிரை. புல் வெட்டு, மருந்தடிப்பு. தோட்டத்து ஆள் வாங்கும் கூலியைவிடக் குறைவு, மழை பெய்தால் அதுவும் இல்லை.

“ஏன் பாட்டி, கூடக் கேக்கலாம்ல?”

“பெர்மிட் இல்லாதவளுக்குக் கேக்க வாய் ஏதுய்யா? கேட்டா, ஐசிய எடுன்னுவான்.”

நூல்களில் நான் தேடியலைந்ததை இந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். பெர்மிட் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்றுதான் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வேலை கிடைக்கத்தான் செய்தது. விலை மட்டும் இறங்கியது. குடிமக்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அவர்களுக்குப் பக்கத்து நிரையிலேயே மலிவான ஆள் ஒருவரை உருவாக்கி நிறுத்தியது. கொஞ்ச நாளில் தோட்டத்து ஆட்களின் வேலையும் காண்ட்ராக்டுக்குப் போனதில் என்ன ஆச்சரியம்?

தோட்டத் துண்டாடல் பற்றி நம்மிடம் கதைகள் இருக்கின்றன. சயாம் மரண ரயில் பற்றி நாவல்கள் இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு நிற அட்டைகள் இருந்ததைப் பற்றி நான் வாசித்தவை குறைவு. எழுதியவர்கள் பெரும்பாலும் நீல ஐசிக்காரர்கள் என்பதாலா, தெரியவில்லை.

இவர்களை அனுப்பிவிட்டு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் ஆள் பற்றவில்லை. 1984இல் மலேசியா இந்தோனேசியாவோடு மேடான் ஒப்பந்தம் செய்து ஆட்களை வரவழைத்தது. பிறகு வங்காளதேசம், நேப்பாளம். உணவகங்களுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்தே மறுபடியும் ஆட்கள். எங்கள் தாமான் மூலைக்கடையில் ரொட்டி போடும் அண்ணன் சிவகங்கைப் பக்கம். பாட்டியின் அண்ணன் போன ஊர் அங்கிருந்து அரை மணி நேரம்.

2013 ஜனவரியில் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி, வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேர்த்து. நல்ல செய்தி. ஆனால் அதே மாதத்தில், அதுவரை முதலாளி கட்டிவந்த லெவியைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்த இந்த ஏற்பாடு 2018 ஜனவரி வரை நீடித்தது. இப்போது குறைந்தபட்சம் 1,700 வெள்ளி.

*

நான் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். அக்கா எழுதிய எண்தான் என் சம்பளம்.

இங்கும் காகித வரலாறு பழையதுதான். மலேசியாவிலிருந்து பிரிந்த நான்கே மாதத்தில், 1965 டிசம்பரில், வேலை ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். மாதம் 750 வெள்ளிக்கு மேல் சம்பளம் இல்லாத, குடிமகன் அல்லாதவருக்கு வொர்க் பெர்மிட் கட்டாயம். நேற்றுவரை ஒரே நாடாக இருந்த ஜொகூர்க்காரருக்கும் அது பொருந்தும். சம்பளத்தை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் 1971இல் மூடப்பட்டபோது, செம்பவாங்கில் வேலை செய்த, குடியுரிமை இல்லாத இந்தியர்கள் பலர் மூட்டை கட்டினார்கள்.

1980இல் கட்டுமானத் துறை வெளிநாட்டுத் தொழிலாளருக்கு லெவி வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்ட வேண்டும். 1907இன் குடியேற்ற நிதியும் தலைக்கணக்குதான், இதுவும் தலைக்கணக்குதான். அது ஆளை வரவழைக்க, இது ஆள் பெருகாமல் தடுக்க. நோக்கம் நேரெதிர். தொழிலாளியின் கைக்கு இரண்டும் வராது என்பதில் மட்டும் ஒற்றுமை.

இன்றைய அமைப்பில் எனக்குப் புரியாமலேயே இருக்கும் ஒன்று உண்டு. மேல்படியில் இருக்கும் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குச் சம்பளத் தரை உண்டு. நடுப்படியான எஸ் பாஸுக்கும் உண்டு. கீழ்ப்படியான வொர்க் பெர்மிட்டுக்குக் கிடையாது. தரை போட்டிருப்பது அந்தந்தப் படியில் இருக்கும் சிங்கப்பூரர் வேலையைப் பாதுகாக்க. கட்டுமானத் தளத்தில் கம்பி கட்ட எந்தச் சிங்கப்பூரரும் வரப்போவதில்லை, பிறகு அங்கே எதற்குத் தரை? தரை வெளிநாட்டவருக்காகப் போடப்பட்டதல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறது. புரியவில்லை என்று நான் சொல்வது பொருந்திவிடுவதைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், சாப்பாட்டுக் கடை மேசையில் எதிரே உட்கார்ந்த ஒருவரோடு பேச்சு தொடங்கியது. புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. இரண்டு வருடம் முடியப் போகிறது. போனில் ஒரு தாளின் படத்தைக் காட்டினார். வேலைக்கு வருமுன் கொள்கையளவில் அனுமதி கொடுத்து அமைச்சு அனுப்பும் கடிதம். தொழிலாளியின் தாய்மொழியிலேயே கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழில் இருந்தது. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனி வரியாக. நூறு வருடத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் ஏறியவரின் கையில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் என்று ஒரு கணம் பொறாமைப்பட்டேன்.

“ஏஜெண்டு 24 டாலர்னு சொன்னாண்ணே. காசு கட்டி முடிச்சப்புறம் இது வந்துச்சு. 18 போட்டிருக்கு. என்ன பண்றது, வட்டிக்கு வாங்கின காசு.”

நாளைக்கு 18. மனதுக்குள் பெருக்கினேன். இருபத்தாறு நாளுக்கு 468. ஓவர்டைம் சேர்ந்தால் கூடும். கட்டுமானத் துறையில் இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி கட்டும் லெவி 2024 முதல், உயர்திறன் என்றால் மாதம் 500, அடிப்படைத் திறன் என்றால் 900. எப்படிப் பார்த்தாலும் இவருடைய அடிப்படைச் சம்பளத்தைவிட இவர் தலைக்கான லெவி அதிகம். அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவருக்கே தெரிந்திருந்தது. “எங்களுக்குக் குடுக்குறதவிட எங்களுக்காகக் கட்டுறதுதான் கூட” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அவருடைய பெர்மிட் முடிய ஐந்து வாரம் இருந்தது. கட்டுமானத் துறையில், பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முன்பிருந்து 21 நாள் முன்புவரை, இருக்கும் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அந்த மூன்று வார இடைவெளிக்குள் நண்பர் ஒருவர் வேறொரு கம்பெனியின் பாரத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்தது. பூர்த்தி செய்து தர முடியுமா என்று கேட்டார்.

பெயர், பாஸ்போர்ட் எண், படித்த கோர்ஸ்கள், எந்தெந்த மிஷின் ஓட்டத் தெரியும். மளமளவென்று எழுதினோம். கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டம் வந்தது.

“இது என்னாண்ணே?”

“எவ்வளவு சம்பளம் எதிர்பாக்குறீங்கன்னு கேக்குறாங்க.”

“எவ்ளோ போடலாம்?”

நான் சொல்லக்கூடாது என்று இருந்தேன். “நீங்களே எழுதுங்க” என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பாரத்தையே பார்த்தார். பக்கத்து மேசையில் தட்டு எடுத்து, துடைத்து, வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 28 என்று எழுதினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 8ஐ அடித்து, மேலே சின்னதாக 4 போட்டார்.

“சொன்னதாச்சும் குடுக்கட்டும்ணே” என்றார்.